லாரிக்கு வீடு, காருக்கு நீங்கள்: சென்னையிலிருந்து புனேவுக்குக் குடிபெயர்தல்

இருவருக்கும் புனேவில் வேலை கிடைத்தாயிற்று. வீட்டில் ஒரு சின்ன கார் நிற்கிறது. அதை லாரியில் ஏற்றி அனுப்பலாமா, நாமே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த அத்தியாயம். சென்னை முதல் புனே வரை ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, தும்கூரு, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சதாரா என்று ஏறக்குறைய முழுவதும் தேசிய நெடுஞ்சாலைதான். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான பாதை இல்லை. வீடு காலி செய்த களைப்போடு ஓட்டுவதுதான் கடினம். கீழே வரும் யோசனைகள் பெரும்பாலும் அந்தக் களைப்பை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுச் சாமான் லாரிக்கு. காருக்கு நீங்கள் இருவரும், புது வீட்டில் முதல் ஒரு வாரம் லாரி வராமலே பிழைக்கத் தேவையானவையும் மட்டும். "காரில்தான் இடம் இருக்கிறதே, மிக்ஸியையும் வைத்துவிடலாம்" என்று ஆரம்பித்தால் பின்கண்ணாடி மறையும்வரை நிற்காது.

தேதி குறித்தல்

ஆடியில் குடிபோகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். இந்தப் பாதைக்கு அது நல்ல யோசனை. 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் பஞ்சகங்கை ஆறு பெருகி, கோலாப்பூருக்கு அருகே இந்த நெடுஞ்சாலை வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. இரண்டுமே ஆடி மாதத்தில். ஜூலை, ஆகஸ்டில் போயே தீர வேண்டுமென்றால், கிளம்பும் முன்தினமும் பெலகாவியில் தங்கும் இரவிலும் கோலாப்பூர் நிலவரத்தைப் பாருங்கள். சாலை மூடப்பட்டால் பெலகாவியிலேயே இன்னொரு நாள் தங்கிவிடுங்கள். உள்ளூர்க் குறுக்குப் பாதை தேடி வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை கரும்பு வெட்டும் காலம். பெலகாவி, கோலாப்பூர் பக்கம் இரட்டை டிரெய்லர் பூட்டிய கரும்பு டிராக்டர்கள் பின்விளக்குக்கூட இல்லாமல் இருட்டில் போகும். இரவில் ஓட்டாமல் இருந்தாலே இந்த ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

லாரி: கையெழுத்துக்கு முன்

1. வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்து விலை சொல்பவரிடம் மட்டும் பேசுங்கள். போனிலேயே மற்றவர்களைவிடப் பாதி விலை சொல்பவர், சாமான் ஏறியபின் மீதியைக் கேட்பார். அப்போது உங்கள் கட்டில் அவர் வண்டியில் இருக்கும்.

2. தனி லாரியா, பார்ட் லோடா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பார்ட் லோடு மலிவு. ஆனால் வழியில் கிடங்கில் இறக்கி, வேறு லாரியில் ஏற்றுவார்கள். "நாலு நாளில் வந்துடும் சார்" என்பதை ஒரு வாரம், பத்து நாள் என்றே கணக்கு வையுங்கள்.

3. ஜிஎஸ்டி எண் உள்ள பில்லும், லாரி எண் எழுதிய எல்ஆர் (லாரி ரசீது) நகலும் கைக்கு வராமல் வண்டியை விடாதீர்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

4. டிரான்சிட் இன்சூரன்ஸ் உண்டு என்றால் பாலிசி நகலைக் கேளுங்கள். பில்லில் ஒரு வரியாக மூன்று சதவீதம் போட்டிருப்பது பாலிசி ஆகாது.

5. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கணிசமான ஒரு பகுதி புனேவில் சாமான் இறங்கிய பிறகுதான் என்று பில்லிலேயே எழுத வையுங்கள்.

சாமான் பட்டியல் எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மேற்பார்வையாளர் கையில் கார்பன் வைத்த நீளத்தாள் இருக்கும். ஃப்ரிட்ஜ் என்று எழுதி, எதிரே "பழையது, கீறல் உண்டு" என்று போடுவார். அடுத்து டிவி: "பழையது, கீறல் உண்டு." போன மாதம் வாங்கிய சோபாவுக்கும் அதே வரி, அதே வேகத்தில். பின்னால் நீங்கள் நஷ்டஈடு கேட்டால் காட்டுவதற்கான வரி அது. "அண்ணே, டிவில கீறல் எங்க இருக்கு, காட்டுங்க" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அடித்துவிட்டுச் சரியாக எழுதுவார். இதில் கோபத்துக்கு வேலை இல்லை. ஒவ்வொரு பெரிய பொருளையும் பேக் செய்வதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பொருள்வாரியாகச் சில எச்சரிக்கைகள். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்து, உருகிய தண்ணீரைத் துடைத்துக் காய வையுங்கள். புது வீட்டில் இறக்கிய உடனே பிளக்கைச் சொருகாமல் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்தபின் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் வாங்கும்போதே வந்திருக்கும். தேடி எடுத்து மாட்டுங்கள். வெட் கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியாகத் துணி சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் வழியெல்லாம் ஆடிப் பாத்திரத்தைக் கெடுத்துவிடும். பெட்டிகளுக்கு எண்ணும், எந்த அறை என்பதும் போதும். "நகை", "லேப்டாப்" என்று மேலே எழுதிவைக்க வேண்டாம். நகையும் சான்றிதழ்களும் லாரியில் போகவே கூடாது.

எச்சரிக்கை: கேஸ் சிலிண்டர். காலியாக இருந்தாலும் சிலிண்டரைக் காரிலோ லாரியிலோ ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, இணைப்பை முடித்ததற்கான வவுச்சரைப் பெற்றுக்கொள்ளுங்கள். புனே ஏஜென்சியில் அதைக் காட்டிப் புது இணைப்பு எடுக்கலாம். அடுப்பு மட்டும் லாரியில் போகட்டும்.

காரைத் தயார் செய்தல்

பயணத்துக்குப் பத்து நாள் முன்பே சர்வீஸ் செய்துவிடுங்கள். முந்தின நாள் சர்வீஸ் விட்டு மறுநாள் கிளம்புவது பலரும் செய்யும் தவறு. சரியாக இறுக்காத போல்ட்டோ, கசியும் குழாயோ இருந்தால் அது வேலூர் தாண்டித்தான் தெரியவரும். சர்வீஸ் முடிந்தபின் ஊருக்குள் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும்.

பார்க்கச் சொல்ல வேண்டியவை: பிரேக் பேட், கூலன்ட், பேட்டரி, வைப்பர், முகப்பு விளக்கின் கோணம், டயர். டயர் காற்றை டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நிரப்புங்கள். அதில் இரண்டு அளவு இருக்கும்: ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. உங்களுக்கு இரண்டாவது. டயர் சூடாவதற்குள், காலையிலேயே நிரப்ப வேண்டும். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். அதை எல்லோரும் மறப்பார்கள்.

ஆவணங்களில் ஆர்சி, இன்சூரன்ஸ், பியூசி, இருவரின் லைசென்ஸ் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். போன் அணைந்துபோனால் காட்ட ஒரு காகித நகலும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும். ஃபாஸ்டேகில் தாராளமாகப் பணம் போட்டு, கேஒய்சி நிலுவை இல்லையா என்று பாருங்கள். டேக் வேலை செய்யாமல் ரொக்கம் கொடுத்தால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இரட்டிப்புக் கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் அதே நிலைமையில் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. வருடப் பாஸ் இந்த ஒரு பயணத்துக்காக வாங்கத் தேவையில்லை. வார இறுதிகளில் ஊர் சுற்றும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம்.

டிக்கியை அடுக்கும் வரிசை

ஐந்து பேர் உட்காரும் சின்ன கார், ஆளும் சாமானும் சேர்த்து 400 கிலோவை ஒட்டித்தான் சுமக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

1. கனமானவை டிக்கியின் அடியில், பின்சீட்டின் முதுகை ஒட்டி.

2. அதன்மேல் துணிமூட்டைகள். சீட் முதுகின் உயரத்துக்கு மேல் எதுவும் போகக் கூடாது. பின்கண்ணாடி வழியே சாலை தெரிய வேண்டும்.

3. பின்சீட்டில் பை வைத்தால் சீட் பெல்ட்டால் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் பிரஷர் குக்கர் தலைக்கு வந்துவிடும்.

4. முன்சீட்டில் கால் மிதிக்கும் இடத்தில், முக்கியமாக ஓட்டுநர் பக்கம், எதுவும் வைக்காதீர்கள். உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. ஜாக், ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், டார்ச் நான்கையும் ஒரே பையில் போட்டு முன்சீட்டின் பின்னால் வையுங்கள்.

ஐந்தாவதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன கார்களில் ஸ்டெப்னி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கும். பஞ்சர் ஆனால் மொத்தச் சாமானையும் சாலையோரம் இறக்கினால்தான் அது வெளியே வரும். அதனால் டிக்கியில் உதிரியாக எதையும் திணிக்காமல், இரண்டு மூன்று பெரிய பைகளாகக் கட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் இறக்கி ஏற்ற முடிய வேண்டும்.

காரில் போக வேண்டியவை: இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்கேற்ற அடி தட்டையான பாத்திரம், குக்கர், இரண்டு தட்டு, டம்ளர், கத்தி. ஒரு பாய், போர்வை, தலையணை. ஒரு வாரத் துணி, ஆபீசுக்குப் போட இரண்டு செட். பக்கெட், மக், துடைப்பம், இரண்டு பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பூட்டு. மருந்து, சான்றிதழ், நகை. அரிசி, பருப்புப்பொடி, காபிப்பொடி கொஞ்சம். ஊறுகாய் ஜாடி வேண்டாம். வெயிலில் சூடேறி எண்ணெய் கசிந்தால் அந்த வாசனை காரை விற்கும்வரை போகாது. புனேவில் ராஸ்தா பேட்டைப் பக்கம் தென்னிந்தியச் சாமான் கிடைக்கும்.

மூன்று நாள், இரண்டு இரவு

இரண்டு நாளில் போய்விடலாம் என்பவர்கள் இருப்பார்கள். போகலாம்தான். ஆனால் வீடு காலி செய்து இரண்டு நாள் சரியாகத் தூங்காதவர்கள் ஒரே நாளில் 600 கிலோமீட்டர் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருவரில் ஒருவர்தான் ஓட்டுவார் என்றால் ஒரு நாளைக்கு 400க்கு மேல் வேண்டாம். இன்னொரு இரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: சென்னை – தும்கூரு, ஏறக்குறைய 420 கி.மீ. அதிகாலை ஐந்துக்குள் கிளம்பிவிட்டால் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் பஸ்கள் நிறையும் முன் கடந்துவிடலாம். இருட்டில் இடப்பக்க ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள்தான் இங்கே பெரிய ஆபத்து. அதனால் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். ஆம்பூர் பக்கம் காலை டிபன். பிரியாணியை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி வெயிலில் ஓட்டினால் கண் செருகும்.

பெங்களூருக்குள் நுழைய வேண்டாம். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வரும்போது மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச்சாலையிலேயே இருந்து, நைஸ் ரோட்டுக்கான பலகையைப் பாருங்கள். மேம்பாலத்தில் ஏறினால் அது உங்களைச் சில்க் போர்டு நெரிசலில் கொண்டுபோய்விடும். நைஸ் ரோடு நகரைச் சுற்றித் தும்கூரு சாலையில் விடும். அது தனியார் சாலை, சுங்கம் தனி. சில்லறை ரொக்கமும் கையில் இருக்கட்டும். நண்பகலையொட்டி இங்கே வந்தால் நெலமங்கலாவையும் எளிதாகக் கடந்து மூன்று மணிக்குள் தும்கூருவில் இருப்பீர்கள். சீக்கிரம் வந்துவிட்டோமே என்று இன்னும் ஓட்டத் தோன்றும். வேண்டாம், தூங்குங்கள்.

இரண்டாம் நாள்: தும்கூரு – பெலகாவி, ஏறக்குறைய 435 கி.மீ. சாலை நன்றாக இருக்கும். அதுவே சிக்கல். சித்ரதுர்கா குன்றுகளில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வேகமுள் தானாக ஏறிவிடும். நடுவே சிராவிலும் ஹிரியூரிலும் எதிர்த்திசையில் பைக் வரும், மீடியன் இடைவெளியில் டிராக்டர் திரும்பும். கிராமம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்கின் மேல் வையுங்கள். தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. இங்கே நிறுத்துவதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. ஹூப்ளி – தார்வாட் பைபாஸ் பல ஆண்டுகளாக நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையாக இருந்து விபத்துக்குப் பேர்போன இடம். பின்னர் விரிவாக்கப் பணி தொடங்கியது. அங்கே எந்த நிலையில் சாலை இருந்தாலும் ஓவர்டேக் செய்யாமல் லாரிக்குப் பின்னாலேயே போங்கள்.

மூன்றாம் நாள்: பெலகாவி – புனே, ஏறக்குறைய 335 கி.மீ. தூரம் குறைவு, கவனம் அதிகம். கோலாப்பூர் முதல் சதாரா வரை சாலை விரிவாக்கத்துக்காக ஆங்காங்கே மாற்றுப்பாதை இருந்தால் மேப் சொல்வதைவிட எதிரே இருக்கும் பலகையை நம்புங்கள். சதாரா தாண்டி கம்பட்கி மலைப்பாதையில், புனே போகும் பக்கம் சுரங்கம் வழியாகச் செல்லும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் இறக்கத்தில் எஸ் வடிவ வளைவு. வெளிச்சத்துக்குக் கண் பழகும் முன்பே வளைவு வந்துவிடும். சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறையுங்கள்.

கடைசி ஆபத்து புனேவின் வாசலிலேயே இருக்கிறது. காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நீளமான இறக்கம். பிரேக் பிடிக்காத கனரக வண்டிகள் முன்னால் நிற்கும் கார்களின்மேல் ஏறிய விபத்துகள் இங்கே பலமுறை நடந்திருக்கின்றன. மூன்றாம் கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள், லாரிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டிக்கியில் சாமானைத் தாழ்வாக அடுக்கச் சொன்னது இந்தப் பத்து நிமிடத்துக்காகவும்தான்.

ஓட்டாதவரின் வேலை

பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்க வந்தவர் அல்ல. மேப், போன், சுங்கச்சாவடி, தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. ஹவுஸ் ஓனர் கூப்பிட்டாலும், லாரிக்காரர் கூப்பிட்டாலும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஆள் மாறுங்கள். "எனக்குத் தூக்கம் வரலே" என்று சொல்வதை ஏற்க வேண்டாம். கொட்டாவி இரண்டாவது முறை வந்தால் மாறியே ஆக வேண்டும். இரவு தங்கும் விடுதியை முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பசியோடு, "இங்கேயா, அடுத்த ஊரா" என்று பேச ஆரம்பிக்கும்போதுதான் சண்டை வரும். வாடகை, மாமியார், லாரி வாடகை போன்ற விஷயங்கள் விடுதி அறைக்கு.

அவசர எண்கள்: நெடுஞ்சாலை உதவிக்கு 1033, பொது அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. வண்டி நின்றுவிட்டால் ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணத்தை ஐம்பது மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, இருவரும் காரை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

வந்து சேர்ந்த பிறகு

பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்திருந்தால், அதை வந்து சேரும் நாளில் வைக்காமல் மறுநாள் காலைக்கு வையுங்கள். ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்று கம்பட்கியில் விரட்டுவது எந்த ஜோசியருக்கும் உடன்பாடாக இருக்காது. கேஸ் வந்திருக்காது, இண்டக்‌ஷன் அடுப்பு அதற்குத்தான்.

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் முறை. அதைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். பதிவான நகலை வாங்கி வையுங்கள். ஆதார் முகவரி, கேஸ், வங்கி எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். வாடகைக்கு வந்திருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டாரா என்று ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள்.

கார் பதிவு எண்ணுக்கு அவசரப்பட வேண்டாம், மறக்கவும் வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பிஎச் வரிசை எண் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் செய்ய வேண்டிய வரிசை:

1. கார்க் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் தடையில்லாச் சான்று.

2. தமிழ்நாட்டில் பதிவு செய்த ஆர்டிஓவில் படிவம் 28 மூலம் என்ஓசி.

3. புனே ஆர்டிஓவில் படிவம் 27, வண்டியின் வயதைப் பார்த்துக் கணக்கிடும் மகாராஷ்டிரா வரி.

4. புது எண் வந்ததும் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேகிலும் மாற்றம்.

5. தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம்.

வேலை நிலைக்குமா என்று தெரிவதற்கு முன் என்ஓசி வாங்கிவிடாதீர்கள். ஆறேழு மாதம் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் போதும். அதுவரை போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தி, "எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?" என்று கேட்டால் காட்ட, பயண நாளின் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்து ஆர்சியோடு வையுங்கள். மாநிலத்துக்குள் நுழைந்த தேதி அதில் இருக்கும். ஐந்தாவது வேலைக்கு நேரில் வரச் சொல்லலாம் என்பதால், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது ஆர்டிஓ வேலை நாள் ஒன்று கிடைக்கும்படி டிக்கெட் எடுங்கள்.